காரணம்: மயில்

வருகிறவர்கள் மூன்று மணி நேரம் இருப்பார்கள்,
பத்தேமுக்கால் முதல் ஒன்றேமுக்கால் வரை
விளக்கு சிமிட்டக் கூடாது.
கண்ணும்தான் என்றார் செயற்பொறியாளர்,
சிரிக்காமல்.

சுல்தான்பேட்டை தாண்டி முந்நூற்றுப் பத்து ஏக்கர் காடு.
நேற்றுவரை பார்த்தீனியம்.
இன்று எல்லைக்கல் எல்லாம் வெள்ளையடித்து
நடுவில் குளிரூட்டிய பந்தல்,
இளநீருக்கு மேலே காகிதக் குடை.
வரைபடத்தில் கொச்சித் துறைமுகம் ஐந்து மணி நேரம்,
பொறியியல் கல்லூரிகள்
எண்ணி மாளாமல் 'ஏராளம்'.

நான் பந்தலுக்குரிய ஆள் இல்லை.
துணைமின் நிலையம், உதவிப் பொறியாளர்.
ஒரு பீடர் அசையாமல் நிற்க
மூன்று பீடர்களை நிறுத்தினேன்:
கோழிப்பண்ணைப் பக்கம் ஒன்று, தறிப் பக்கம் இரண்டு.

பதினோரு மணிக்குப் பொங்கியண்ணன் கூப்பிட்டார்.
"ஏனுங் அம்மணி, பராமரிப்புங்களா?"
"ஆமாங்க."
"போன வாரந்தானுங்களே பராமரிச்சீங்க."
அறுபது தறி நின்றால்
போனில் ஈ பறப்பதுகூடக் கேட்கிறது.
"அவங்களுக்கு வெளிச்சம் காட்ட
எங்கள இருட்டுல உக்கார வெக்கறீங்க.
வந்து குடியேறிட்டா எங்கள எங்கீங் வெப்பீங்க?"
நான் பேசவில்லை.
அவரும் கொஞ்ச நேரம் பேசவில்லை.
பிறகு, குரலை இறக்கி:
"அந்தக் கம்பெனில ஆள் எடுப்பாங்களா?
எம்பொண்ணு ஈசிஇ முடிச்சிருக்கறா."

பதினொன்றரைக்குக் கார்கள்
நிகழ்ச்சி நிரலில் இல்லாத என் வேலி வாசலில் நின்றன.
திருமதி ஹ்வாங், விளையாட்டுக் காலணி.
மொழிபெயர்க்க நித்திலா, பீளமேட்டுப் பெண்,
தொடர் நாடகம் பார்க்க ஆரம்பித்த கொரியன்
இப்போது அவளுக்குச் சோறு போடுகிறது.
மானியம் கேட்கவில்லை, நில விலை கேட்கவில்லை.
"போன வருடம் எத்தனை தடவை?
ஒவ்வொன்றும் எத்தனை மில்லி நொடி?"

தொழில்துறை அதிகாரி முந்திக்கொண்டு
கோப்பின் பதினான்காம் பக்கத்தைத் திருப்பினார்:
தடையில்லா மின்சாரம்.
அவள் பார்த்தது
மேசையில் முனை மடங்கிக் கிடந்த என் பேரேட்டை.
திறந்து காட்டினேன்.

ஜூலை எட்டு, ஆறு இருபது, காரணம்: மயில்.
ஜூலை ஒன்பது, தென்னை மட்டை.
பன்னிரண்டு, மயில்.
பதிமூன்று, மயில் (இரண்டு).
லைன்மேன் மாரப்பன் கையெழுத்தில் ஒரு பக்கம் முழுக்க மயில்.

திரும்பத் திரும்ப வருகிற அந்தச் சொல்லின்மேல் விரல் வைத்தாள்.
"கோங்ஜாக்" என்றாள் நித்திலா.
எங்கள் தேசியப் பறவை, முருகன் வாகனம் என்று
அதிகாரி அவசரமாகச் சேர்த்தார்.
"மொத்தம்?"
"நாற்பத்தொன்று. எழுதாமல் விட்டதும் இருக்கும்."
அதிகாரி என்னைப் பார்த்த பார்வையில்
வால்பாறைக்கு ஒரு மாறுதல் உத்தரவு இருந்தது.

பேச்சை மாற்ற அவர் பலகையைக் காட்டினார்.
ஒரு சிவப்பு விளக்கு, மூன்று பச்சை விளக்குகள்.
"பாருங்கள், எல்லாம் பச்சை!"
எங்கள் பலகையில்
சிவப்பு என்றால் ஓடுகிறது,
பச்சை என்றால் நிறுத்தியிருக்கிறது.
திருமதி ஹ்வாங்கும் ஒரு மின்பொறியாளர்.
மூன்று பச்சைகளையும்
ஒன்றன்பின் ஒன்றாகப் பார்த்தாள்,
பிறகு என்னை.
தலையைச் சற்றே தாழ்த்தினாள்.
வணக்கமா, விளங்கியதென்றா,
நித்திலா அதை மொழிபெயர்க்கவில்லை.

ஒன்றுபத்துக்கே கிளம்பிவிட்டார்கள்.
நான் மூன்று பிரேக்கர்களையும் போட்டேன்.
சிவப்பு, சிவப்பு, சிவப்பு.
பேரேட்டில் நேரம் எழுதினேன்: இரண்டு மணி இருபத்தைந்து நிமிடம்.
'காரணம்' என்ற கட்டத்தில் பேனா நின்றது.
பராமரிப்பு என்று எழுதுவது வழக்கம்.
விருந்தினர் என்று எழுதினேன்.

மறுநாள் காலை மயில்.
மாரப்பன் ஏணியோடு போயிருந்தபோது
மறுபடி பொங்கியண்ணன்.
"ஏதாச்சும் சொன்னாங்களா, வராங்களா?"
"இன்னும் இல்லீங்க."
அதற்கு அவர் சொன்ன பதில்
அறுபது தறி ஓடுகிற சத்தத்தில்
எனக்குச் சரியாகக் கேட்கவில்லை.